சைக்கிள் சீட் வாங்கும் முன் ஒரு அட்டைப்பெட்டி தேடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 43. ஹைபிரிட் சைக்கிள் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் திருவான்மியூரிலிருந்து ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புவது வழக்கம். போகும்போது சுகமாகத்தான் இருக்கிறது. திரும்பும்போது பாதி வழியில் கவட்டுப் பகுதி மரத்துப்போகிறது. இறங்கிக் கொஞ்ச நேரம் நடந்தால் சரியாகிவிடும். கடையில் சொன்னார்கள் என்று ஜெல் கவர் வாங்கி மாட்டினேன். முதலில் நன்றாக இருந்தது, இப்போது முன்பைவிட மோசம். புதுச்சேரி வரை ஒரே மூச்சில் போகவும், பிறகு 200 கி.மீ. பி.ஆர்.எம். (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஒன்றில் கலந்துகொள்ளவும் ஆசை. எந்த சீட் வாங்கலாம்?

பதில்: ஒரு பிராண்டு பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். அது யாரோ ஒருவருக்குப் பொருந்திய சீட்டாக இருக்கும், உங்களுக்குப் பொருந்துமா என்பது குருட்டு அதிர்ஷ்டம்தான். நீங்கள் எழுதியதில் எனக்குப் பயன்பட்டது வேறு ஒன்று. உட்காரும் இடம் வலிக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை, கவட்டில் மரத்துப்போகிறது என்கிறீர்கள். இது வேறு கோளாறு, இதற்கு மருந்தும் வேறு.

ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து, உள்ளங்கை மேலே பார்க்க இரண்டு கையையும் புட்டத்துக்கு அடியில் வையுங்கள். இடுப்பெலும்பின் அடிமுனை பக்கத்துக்கு ஒன்றாகக் கையில் குத்தும். உடல் பாரத்தைத் தாங்க வேண்டியவை இந்த இரண்டும்தான். இவற்றின் மேல் எவ்வளவு பாரம் விழுந்தாலும் பெரிய ஆபத்தில்லை. பழகாதவர்களுக்கு முதல் சில வாரம் அங்கே வலிக்கும், விடாமல் ஓட்டினால் போய்விடும். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் இருக்கும் மெத்தென்ற பகுதி அப்படியல்ல. அந்தப் பகுதிக்கு உணர்வு தரும் புடென்டல் நரம்பும் ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய்களும் அந்த வழியாகத்தான் போகின்றன. பாரம் எலும்பிலிருந்து நழுவி அங்கே போய் உட்கார்ந்தால் வலிக்காது, மரத்துப்போகும். வலியையாவது பொறுத்துக்கொண்டு ஓட்டலாம், மரத்துப்போவதைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது.

இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் நியோஷ் என்ற அரசு அமைப்பு, சைக்கிளில் ரோந்து போகும் ஆண் போலீஸ்காரர்களுக்கு மூக்கே, அதாவது முன்னால் நீளும் குறுகிய பகுதியே, இல்லாத சீட்டைக் கொடுத்து ஆறு மாதம் ஓட்டவைத்தது. முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. மரத்துப்போவதே இல்லை என்று சொன்னவர்கள் தொடக்கத்தில் 27 சதவீதம், ஆறு மாதம் கழித்து 82 சதவீதம். உங்களுக்கு மூக்கில்லாத சீட்டைச் சிபாரிசு செய்யமாட்டேன். நீண்ட தூரத்தில் தொடைகளுக்கு இடையில் பிடிமானமாக அந்த மூக்கு தேவைப்படுகிறது. ஆனால் குற்றவாளி யார் என்பது அந்த ஆய்விலிருந்து தெளிவாகிறது.

ஜெல் கவர் ஏன் கெடுத்தது என்பதும் இதிலிருந்தே புரியும். புது இலவம்பஞ்சு மெத்தையில் முழங்கையை ஊன்றிப் பாருங்கள்: ஊன்றிய இடம் பள்ளமாகி, சுற்றிலும் பஞ்சு பிதுங்கி மேலே வரும். ஜெல்லிலும் எலும்பு இரண்டும் கீழே புதைகின்றன, நடுவில் இருக்கும் ஜெல் பிதுங்கிக்கொண்டு எந்த இடத்தை அழுத்தக் கூடாதோ அந்த இடத்தைப் போய் அழுத்துகிறது. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. தடிமனான கவர் போட்டால் சீட்டின் உயரமும் ஒரு சென்டிமீட்டராவது கூடுகிறது. ஏற்கெனவே சரியான உயரத்தில் இருந்த சீட் இப்போது உயரம் அதிகமாகி, ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடத் தொடங்கும். முதலில் அந்தக் கவரைக் கழற்றுங்கள்.

‘அப்பாவின் ஹெர்குலிஸில் ஸ்பிரிங் வைத்த அகல சீட் இருந்ததே, எவ்வளவு சுகம்!’ என்று பலர் என்னிடம் சொல்வதுண்டு. உண்மைதான். அந்த சைக்கிளில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துதான் ஓட்டுவோம், பாரம் முழுக்க எலும்பின் மேல் நேராக இறங்கும். ஹைபிரிட்டில் முன்னால் சாய்கிறோம். எதிர்க்காற்று அடிக்கும் ஈ.சி.ஆரில் இன்னும் அதிகமாகவே குனிகிறோம். இடுப்பு முன்பக்கம் உருள உருள, பாரமும் பின்னாலிருந்து முன்னால் நகர்கிறது. அதனால்தான் எல்லோருக்கும் ஏற்ற சீட் என்று ஒன்று கிடையாது. எவ்வளவு குனிந்து ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே சீட்டைத் தேர்ந்தெடுக்க முடியும்.

பணத்தை எடுக்கும் முன் இருக்கிற சீட்டைச் சரிபாருங்கள். மரத்துப்போகிறது என்று வருபவர்களில் பலருக்குப் புது சீட்டே தேவைப்படுவதில்லை.

உயரத்திலிருந்து தொடங்குவோம். சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, செருப்பில்லாமல் குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நிற்க வேண்டும், எட்டுவதற்கு இடுப்பைச் சாய்க்கக் கூடாது. கணக்காக வேண்டுமென்றால் கவட்டிலிருந்து தரைவரை அளந்து 0.883-ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. வரும். பெடல் அச்சின் நடுவிலிருந்தல்ல, கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் தண்டு) சுழலும் நடு அச்சிலிருந்து சீட்டின் மேல்மட்டம் வரை உள்ள நீளம் அது. இது தொடக்கப் புள்ளிதான், சிலருக்கு அரை சென்டிமீட்டர் குறைவாக வைத்தால் நன்றாக இருக்கும். வீட்டில் யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு ஆடினால் சீட்டை இறக்குங்கள்.

அடுத்தது சாய்வு. உங்கள் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான். சீட்டின்மேல் கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றை நீளவாக்கில் வைத்து, அதன்மேல் போனை வைத்து மட்டம் காட்டும் ஆப்பைத் திறங்கள். சைக்கிள் மேடு பள்ளமில்லாத தரையில் நிற்க வேண்டும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் உங்கள் பிரச்சினையின் பாதி அங்கேதான் இருக்கிறது. மட்டமாக வைத்து ஒரு ஞாயிறு ஓட்டுங்கள், போதவில்லை என்றால் மூக்கை ஒரு டிகிரி இறக்குங்கள், பிறகு இன்னொரு டிகிரி. மூன்றுக்குமேல் போக வேண்டாம். அதற்குமேல் சாய்த்தால் நழுவி முன்னால் வருவீர்கள், உடலைத் தடுத்து நிறுத்தும் வேலை கைக்கு வந்துவிடும், கவட்டுக்குப் பதில் விரல் மரத்துப்போகும்.

சீட்டின் மேலுறையை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ரெக்சின் எங்கே வழவழப்பாகப் பளபளக்கிறது? பின்புறம் அகலமான பகுதியில் இரண்டு பக்கமும் என்றால் சரியான இடத்தில் உட்காருகிறீர்கள். நடுவிலிருந்து மூக்குவரை மினுங்கினால், பாதி நேரம் நீங்கள் இருப்பது மூக்கின்மேல். சீட் பின்னால் தள்ளியிருக்கலாம், அல்லது ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருக்கலாம். சீட்டுக்கு அடியில் இருக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, ஒரு தடவைக்கு மூன்று நான்கு மி.மீ. என்று முன்னால் நகர்த்திப் பாருங்கள். முழங்கால் முன்பக்கம் வலிக்கத் தொடங்கினால் அளவுக்கு மீறி நகர்த்திவிட்டீர்கள் என்று அர்த்தம். ஹேண்டில்பார்தான் எட்டவில்லை என்றால் நீளம் குறைந்த ஸ்டெம் (ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் துண்டு) ஒன்றை மாட்டுவது, சீட் மாற்றுவதைவிட மலிவு.

இவ்வளவும் செய்து மூன்று நான்கு ஞாயிறு போன பிறகும் மரத்துப்போனால், அப்போது புது சீட் வாங்கலாம். அட்டைப்பெட்டி இப்போதுதான் வேண்டும். கூரியரில் வரும் நெளிவு அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, மாடிப்படியில் போட்டு, மெல்லிய அரைக்கால் சட்டையோடு அதன்மேல் உட்காருங்கள். காலுக்கு அடியில் ஒரு செங்கல் வைத்தால் முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரும், எலும்பு நன்றாகப் பதியும். கொஞ்சம் முன்னால் குனிந்து, படியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து உடலைக் கீழே அழுத்தி, ஒரு நிமிடம் இருங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு பள்ளம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேயுங்கள், பள்ளம் மட்டும் வெள்ளை ஏறாமல் நிற்கும். ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவரை அளந்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை செய்து பார்ப்பது நல்லது.

120 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஹைபிரிட்டில் நீங்கள் அமரும் விதத்துக்கு அதோடு 25 முதல் 30 மி.மீ. கூட்டுங்கள்: 145 முதல் 150 மி.மீ. அகல சீட் தேவை. ரோடு பைக்கில் நன்றாகக் குனிந்து ஓட்டுபவர் 20 மி.மீ. கூட்டினால் போதும். நல்ல நிறுவனங்கள் ஒரே மாடலை இரண்டு மூன்று அகலங்களில் செய்கின்றன. ஸ்பெஷலைஸ்டு சீட்டுகள் 143, 155, 168 மி.மீ. என்று வருவதைப் பார்க்கலாம். உடம்பு பெருத்தவருக்கு அகல சீட், ஒல்லியானவருக்குக் குறுகிய சீட் என்று கடையில் கண்ணால் பார்த்துச் சொல்வார்கள். நம்பாதீர்கள். இடுப்புச் சதைக்கும் இந்த எலும்பு இடைவெளிக்கும் சம்பந்தமில்லை. பெண்களுக்குப் பொதுவாக இடைவெளி கூடுதல், ஆனாலும் அளக்காமல் வாங்கக் கூடாது.

அகலம் முடிவானதும் நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட்டாகத் தேடுங்கள். உங்கள் பிரச்சினைக்கு இது அவசியம் என்றே சொல்வேன். மூக்கு குட்டையாக உள்ள சீட்டுகள் இப்போது நிறைய வருகின்றன, குனிந்து ஓட்டும்போது முன்பக்க அழுத்தம் குறைவதால் அவையும் உங்களுக்கு ஒத்துவரக்கூடும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அரை விரல் புதைந்தால் அந்த சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடையில் ஐந்து நிமிடம் உட்காரத்தான் அது சுகம், 100 கி.மீ. தாண்டினால் பழைய ஜெல் கவர் கதைதான். கைக்குக் கொஞ்சம் கடினமாகப் படுவதே தூரப் பயணத்துக்கு நல்லது. திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று விலை பேசும் முன்பே கேட்டுவிடுங்கள்.

தோல் சீட் பற்றியும் கேட்பீர்கள். இங்கிலாந்தின் புரூக்ஸ் நிறுவனம் தன் பி17 சீட்டை 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டிலிருந்து ஏறக்குறைய அதே வடிவில் செய்துவருகிறது. உள்ளே நுரை எதுவும் கிடையாது. இழுத்துக் கட்டிய தடித்த தோல், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு உங்கள் எலும்புக்கு ஏற்றபடி பள்ளம் விழுந்து படிந்துவிடும். படிந்தவர்கள் வேறு சீட்டைத் தொடமாட்டார்கள். உங்களுக்கு அதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்த தோல் தொய்ந்துபோகும், கடற்கரைக் காற்றில் இரும்புத் தண்டுகள் துருப்பிடிக்கும், நம் ஊர் வியர்வை வேறு. மழையுறை எப்போதும் பையில் வைத்திருந்து, தோலுக்கு அவ்வப்போது மெழுகு பூசிப் பராமரிக்கப் பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும்.

சீட் சரியாக இருந்தும் தோல் உரிவது தனிக்கதை. பேடு வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடாதீர்கள். அதன் தையல்தான் முதலில் அறுக்கும். பேடு தடிமனாக இருப்பதைவிட அடர்த்தியாக, மடிப்பு விழாமல் இருப்பது முக்கியம். உரசும் இடத்தில் கிளம்பும் முன்பே சாமி கிரீமோ (chamois cream, சைக்கிள் ஓட்டுபவர்கள் உரசலுக்குத் தடவும் கிரீம்) வாசலினோ தடவுங்கள். தேங்காய் எண்ணெயும் வேலை செய்யும், ஆனால் பேடிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கு லேசில் போகாது. மாமல்லபுரத்தில் டிபன் சாப்பிட ஈர ஷார்ட்ஸோடு ஒரு மணி நேரம் உட்காருவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் முதல் வேலை குளியல், ஷார்ட்ஸ் வாளிக்குள். கட்டி வந்து சீழ் பிடித்தால் ஆறும்வரை சைக்கிள் வேண்டாம்.

எந்த சீட்டாக இருந்தாலும் பத்து பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடல்மேல் எழுந்து நின்று அரை நிமிடம் ஓட்டுங்கள், ரத்தம் ஓடும். மலையேற்றத்தில் தானாகவே எழுவோம், ஈ.சி.ஆர். மாதிரித் தட்டையான சாலையில் ஒரே நிலையில் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுவதால் நினைவு வைத்துக்கொண்டு எழ வேண்டியிருக்கிறது. டயரில் காற்றைக் கல்லுப்போல் அடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் கொஞ்சம் குறைக்கலாம், அதிர்வு அடங்கும்.

இறங்கி நடந்ததும் உங்களுக்குச் சரியாகிவிடுகிறது என்பது ஆறுதலான விஷயம். மரத்தது மறுநாளும் நீடித்தாலோ, சிறுநீர் கழிப்பதிலோ விறைப்பிலோ மாற்றம் தெரிந்தாலோ சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிறுநீரியல் மருத்துவரை (யூராலஜிஸ்ட்) பாருங்கள். கூச்சப்பட்டுத் தள்ளிப்போட வேண்டாம்.

200 கி.மீ. பி.ஆர்.எம்.முக்கு நேர வரம்பு 13 மணி 30 நிமிடம், நின்று சாப்பிடும் நேரமும் அதில் சேர்த்தி. பத்து மணி நேரமாவது சீட்டில் இருப்பீர்கள். ஆகவே முதலில் புதிய அமைப்பில் இரண்டு மூன்று முறை மாமல்லபுரம் போய்வந்து, பிறகு 150 கி.மீ. அளவில் வரும் புதுச்சேரி. சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்) ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றி உயரத்தைக் குறித்துவிடுங்கள், வழியில் சீட் கீழே இறங்கினால் தெரியும். கிளாம்ப்புக்குப் பொருந்தும் ஆலன் கீ பையில் இருக்கட்டும். ஒரு நாளில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். புது சீட்டையும் புது ஷார்ட்ஸையும் ஒரே நாளில் இறக்கினால் கடித்தது எது என்று கண்டுபிடிக்க முடியாது.