சரக்குப் பெட்டி எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும்? சில கேள்விகளும் பதில்களும்

மாடல் ரயிலின் சரக்குப் பெட்டிகளை உயர்த்துவது, தாழ்த்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன். பெரும்பாலானவை ஹெச்.ஓ. அளவில், அதாவது 1:87 அளவில் செய்த அமெரிக்கப் பெட்டிகளைப் பற்றியவை. வேறு அளவு வரும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன். கப்ளர் என்று வருவது ஒரு பெட்டியை அடுத்ததோடு இணைக்கும் கொக்கி; பாக்ஸ் கார் என்பது கூரையோடு மூடிய சரக்குப் பெட்டி.

சார், என் 40 அடி பாக்ஸ் காரின் கப்ளர் பக்கத்துப் பெட்டியின் கப்ளரைவிடத் தாழ்ந்து நிற்கிறது. ஏற்றத்தில் ஏறும்போது அடிக்கடி கழன்றுவிடுகிறது. வாஷர் போட்டுத் தூக்கிவிடலாமா?

வாஷரைக் கையில் எடுப்பதற்கு முன், தாழ்ந்திருப்பது பெட்டியா, கப்ளர் மட்டுமா என்று பாருங்கள். இரண்டும் ஒன்று என்று நினைப்பதில்தான் பாதித் தொல்லை தொடங்குகிறது. தடிமனான கண்ணாடித் துண்டின் மேல் நேரான தண்டவாளம் ஒன்றை ஒட்டி, அதன் ஒரு முனையில் கப்ளர் உயரக் கேஜை வையுங்கள். ஹெச்.ஓ.வில் கப்ளரின் நடுக்கோடு தண்டவாளத்தின் மேல்முகத்திலிருந்து 25/64 அங்குலம், அதாவது ஏறக்குறைய 9.9 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். பெட்டியின் இரண்டு முனைகளையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

ஒரு முனை மட்டும் தாழ்ந்திருந்தால், அந்தக் கப்ளரை விரல் நுனியால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். தலை மேலும் கீழும் ஆடினால், கப்ளரைத் தாங்கும் கூட்டின் மூடி தளர்ந்திருக்கிறது. மூடியை இறுக்குங்கள், அல்லது உள்ளே தாள் போன்ற ஸ்டைரீன் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வையுங்கள். பெட்டியைத் தொடவே வேண்டாம்.

இரண்டு முனையும் ஒரே அளவு தாழ்ந்து, பெட்டியும் பார்வைக்கு அமுங்கி நின்றால், அப்போது வாஷர் போடலாம். கப்ளர் தயாரிக்கும் கேடீ நிறுவனத்தின் சாம்பல் நிற ஃபைபர் வாஷர் 0.25 மி.மீ., சிவப்பு 0.38 மி.மீ. பெட்டியின் இரு முனையிலும் அடியில் திரும்பும் சக்கரத் தொகுதிதான் போகி; அதற்கும் பெட்டிக்கும் நடுவில் வாஷர் போகும். இரண்டு போகிக்கும் ஒரே நிறம் போடுங்கள். பெட்டியின் உயரம் சரியாக இருந்து கப்ளர் மட்டும் தாழ்ந்திருந்தால், தண்டு தலைக்குக் கீழே அமைந்த கப்ளரை வாங்கி மாட்டுங்கள். தலை மேலே வந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உண்மையான அமெரிக்க ரயிலிலேயே கப்ளர் உயரம் 31½ முதல் 34½ அங்குலம் வரை இருக்கலாம். பாரம் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும், சக்கரம் தேயும் என்பதால் அந்த 3 அங்குல இடைவெளி. ஹெச்.ஓ.வில் அது 0.87 மி.மீ. ஆனால் நம் மாடல் தண்டவாளத்தின் மேடுபள்ளம் அளவுப்படி பார்த்தால் நிஜத்தைவிட மிக அதிகம். அதனால் அந்தச் சலுகையை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. கேஜுக்கு நேராக வைப்பதுதான் நல்லது.

என் பிரச்சினை நேர் எதிர். பழைய கிட் ஒன்றைக் கட்டினேன். பெட்டி ஒட்டகம் மாதிரி உயர்ந்து நிற்கிறது.

பழைய கிட்களில் இது சகஜம். ஆழமான விளிம்புள்ள சக்கரம் குறுகிய வளைவில் பெட்டித் தரையின் அடிப்பக்கத்தில் உரசாமல் திரும்ப வேண்டும் என்பதற்காகப் பெட்டியையே தூக்கி வைத்தார்கள். இன்றைய மெல்லிய விளிம்புச் சக்கரத்துக்கு அவ்வளவு இடம் தேவையில்லை.

போகியைக் கழற்றுங்கள். பெட்டியின் அடியில் போகி உட்காரும் வட்டமான மேடு ஒன்று இருக்கும், அதுதான் போல்ஸ்டர். தேய்க்க வேண்டியது அதைத்தான். போகியைத் தேய்த்தால் நாளை அதை வேறு பெட்டிக்கு மாற்ற முடியாது. என் முதல் பெட்டியில் கையில் அரத்தைப் பிடித்து ராவினேன். மேடு சாய்வாகத் தேய்ந்து, பெட்டி ஒரு பக்கம் சரிந்தே ஓடியது. கடைசியில் மேட்டை முழுவதும் வெட்டி எடுத்து, ஸ்டைரீன் வட்டு ஒட்டி மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. அதிலிருந்து சின்ன மரக்கட்டையில் 400 நம்பர் எமரித் தாளை ஒட்டிக்கொண்டு, மேட்டின் மேல் தட்டையாக வைத்துத்தான் தேய்க்கிறேன். பத்து இழுப்பு, காலிப்பரில் அளவு, கட்டையை அரைச் சுற்று திருப்பி மறுபடி பத்து இழுப்பு. ஒரே மூச்சில் தேய்க்காதீர்கள். எடுத்ததைத் திரும்ப வைப்பது கடினம்.

பெட்டி இறங்கினால் அதில் பொருத்திய கப்ளரும் கூடவே இறங்கும். அதனால் பெட்டியின் உயரத்தை முதலில் முடியுங்கள், கப்ளரை அப்புறம் பாருங்கள். கப்ளருக்கு அடியில் தொங்கும் கம்பி தண்டவாளத்தைத் தொடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சரியான உயரம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது, அண்ணா?

அமெரிக்க ரயில் நிறுவனங்களின் பெட்டிகளை வரிசை எண்படி பட்டியலிடும் உபகரணப் பதிவேட்டில், தண்டவாளத்திலிருந்து கூரை விளிம்பு வரையிலான உயரம் அடி, அங்குலத்தில் இருக்கும். ஹெச்.ஓ.வில் ஓர் அடிக்கு 3.5 மி.மீ. 14 அடி என்றால் 49 மி.மீ. பதிவேடு கிடைக்காவிட்டால் பக்கவாட்டில் எடுத்த நிழற்படம் போதும். சக்கரத்தின் மேல் விளிம்புக்கும் பெட்டியின் அடி விளிம்புக்கும் உள்ள இடைவெளியைச் சக்கரத்தின் விட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

33 அங்குலச் சக்கரத்தை எடுத்துவிட்டு 36 அங்குலம் போட்டால் உயரம் கூடுமா?

கூடும், ஆனால் விட்டம் கூடியதில் பாதிதான். 3 அங்குல வித்தியாசத்தில் அச்சு 1½ அங்குலம் உயரும். ஹெச்.ஓ.வில் அது 0.44 மி.மீ., சிவப்பு வாஷரைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் உயரத்துக்காகச் சக்கரத்தை மாற்றாதீர்கள். 100 டன் பெட்டிக்கு 36, பழைய 40, 50 டன் பெட்டிகளுக்கு 33 என்பதே முறை. சரியான சக்கரத்தை முதலில் போட்டுவிட்டு, பிறகு உயரத்தைப் பாருங்கள்.

வாஷர் போட்ட பிறகு பெட்டி இடமும் வலமும் ஆடுகிறது.

போகிகளைப் பிடிக்கும் இரண்டு திருகாணிகளையும் தளர்வாக விட்டிருப்பீர்கள். ஒரு போகி திரும்ப வேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஆடக் கூடாது, அந்த அளவுக்கு இறுக்குங்கள். மற்றது எல்லாப் பக்கமும் சற்று அசைய விடுங்கள். முக்காலி போல மூன்று புள்ளியில் நிற்கும். எடையையும் பாருங்கள். அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரை ஹெச்.ஓ. பெட்டிக்கு 1 அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 6 அங்குலப் பெட்டிக்கு 4 அவுன்ஸ், சுமார் 113 கிராம். எடையைப் பெட்டியின் உள்தரையோடு ஒட்டி வையுங்கள்.

நான் ஹெச்.ஓ.வைவிடச் சிறிய ‘N’ ஸ்கேல் (1:160) ரயில் வைத்திருக்கிறேன். பெட்டியை இறக்கினேன், கப்ளர் உயரம் மாறவே இல்லையே?

உங்கள் கப்ளர் போகியிலேயே இருக்கிறது, அதனால் மாறாது. உங்களுக்கு வேலை பாதிதான். போகி திரும்பும்போது கப்ளர் கூடு பெட்டியின் தரையில் இடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நம் இந்திய ரயில்வேயின் பாக்ஸ்என் என்ற திறந்த சரக்கு வேகனை 1:87ல் கட்டுகிறேன் சார். அமெரிக்கப் பெட்டிகளோடு இணைக்கலாமா?

காலியாக நிற்கும் இந்திய வேகனின் கப்ளர் 1105 மி.மீ. வரை உயரத்தில் இருக்கும். 1:87ல் அது 12.7 மி.மீ. அமெரிக்க மாடலின் 9.9 எங்கே, இது எங்கே! கப்ளரைக் கேஜுக்கு இறக்கினால் வேகனின் முகமே மாறிப்போகும். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. முழு ரேக்கையும், அதாவது வேகன் வரிசை முழுவதையும், அதன் சொந்த உயரத்திலேயே கட்டுங்கள். வேறு ரயிலோடு இணைக்க வேண்டுமானால், ஒரே ஒரு வேகனின் ஒரு முனையில் மட்டும் தாழ்ந்த கப்ளர் வையுங்கள்.

பெட்டியை இறக்கிய பிறகு வளைவில் மட்டும் தடம் புரள்கிறது.

சக்கர விளிம்பு அடிச்சட்டத்தில் உரசுகிறது. எங்கே என்று கண்ணால் தேடாதீர்கள். வெள்ளைப் பலகைக்கு எழுதும் மார்க்கரை எடுத்து எட்டுச் சக்கரங்களின் விளிம்பிலும் பூசுங்கள். உங்களிடம் உள்ள மிகக் குறுகிய வளைவில் இரண்டு பக்கமும் கையால் மெல்லத் தள்ளிவிட்டு, பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். உரசிய இடத்தில் மை ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் கத்தி முனையால் அரை மி.மீ. சுரண்டி, மறுபடி மை பூசி ஓட்டுங்கள். மை ஒட்டாத வரை இதையே செய்யுங்கள். அதற்குப் பிறகும் புரண்டால் 0.25 மி.மீ. வாஷர் ஒன்றை இரண்டு பக்கமும் போட்டுவிடுங்கள்.