பதில்: கொச்சிக்காய் இலை சுருளுது, கடனுக்கு மருந்து எடுக்கலாமா?

அக்கா, வாகரைப் பக்கம் மணல் காணியில 150 கொச்சிக்காய்க் கண்டு (மிளகாய்ச் செடி), இலை சுருளுது, கடைக்காரர் கடனுக்கு மருந்து தாறாராம், வீட்டில உழைக்கிறது நீங்க மட்டும்தான் எண்டு எழுதியிருந்தீங்க. கடன் வேணாம். முதல்ல இலையைப் பாருங்க.

ஓரம் மேல்பக்கமா மடிஞ்சு வள்ளம் மாதிரி நிண்டா பனிப்பூச்சி, இலைச் சாறை உறிஞ்சிற சின்னப் பூச்சி. கீழ்ப்பக்கமா மடிஞ்சா சிற்றுண்ணி, கண்ணுக்கு லேசில தெரியாத சின்ன உண்ணி. குருத்தை வெள்ளைத் தாளுக்கு மேல தட்டுங்க. ஊசிமுனை அளவில மஞ்சளா ஓடினா பனிப்பூச்சிதான். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடிச்சு, சீலையில முடிஞ்சு, ஒரு லீற்றர் தண்ணியில இரவு முழுக்க ஊறவைங்க. பிழிஞ்சு, கொஞ்சம் சவர்க்காரம் கலந்து, வெயில் தாழ்ந்தாப் பிறகு இலைக்கு அடியில படுறமாதிரி அடிங்க. கிழமைக்கு ஒருக்கா. சிற்றுண்ணிக்குக் கந்தகம் வேணும், அது வேற கதை. குறண்டி, பூக்காம நிக்கிற கண்டைப் பிடுங்கி எரிங்க. மனசு கேக்காதுதான்.

சந்தேகமெண்டா ஒரு கொப்பை முறிச்சுக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரிட்டக் காட்டுங்க.

எனக்குப் பயம் வேற: எல்லாம் கொச்சிக்காயாவே வெச்சிருக்கீங்க. வேலியோரம் பயித்தை, நடுவில கீரை போடுங்க. கீரை நாலு கிழமைக்குள்ள பிடுங்கலாம், அண்டாடச் செலவுக்குக் காசு கையில வரும். ஐப்பசி மழைக்கு முதல் பாத்தியை ஒரு சாண் உயர்த்திருங்க.