அண்ணனைத் தேட அந்தத் தளத்துக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: என் அண்ணன் 1999-இல் கம்ப்யூட்டர் வேலைக்காக அமெரிக்கா போனார். கடைசியாக டெக்சஸில் இருந்தார். இரண்டு வருடமாக போனும் இல்லை, மெயிலுக்குப் பதிலும் இல்லை. ஆளைத் தேடித் தரும் ஓர் அமெரிக்க இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டதும் 'விவரம் கிடைத்துவிட்டது' என்று காட்டி, பார்ப்பதற்கு 1 டாலர் கேட்கிறது. கட்டலாமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். 1 டாலர் என்பது பெரும்பாலும் சில நாள் சோதனைக்கான தொகைதான். நீங்களாக ரத்து செய்யாவிட்டால் அதன் பிறகு மாதாமாதம் கார்டிலிருந்து இதைவிடப் பல மடங்கு பணம் போய்க்கொண்டே இருக்கும். 'கிடைத்துவிட்டது' என்ற வரியையும் நம்ப வேண்டாம். அந்தப் பெயரில் யாரோ ஒருவர் இருக்கிறார் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

இந்தத் தளங்கள் யாரையும் தேடிப் போவதில்லை. சொத்துப் பதிவு, நீதிமன்றப் பதிவு, விளம்பர நிறுவனங்கள் விற்கும் முகவரிப் பட்டியல் போன்றவற்றை வாங்கி, ஒரே பெயரில் இருப்பதையெல்லாம் கணினி மூலம் ஒன்றாகச் சேர்க்கின்றன. வீடு மாறாமல் ஒரே இடத்தில் இருப்பவரைப் பற்றி ஓரளவு சரியாகவே சொல்லும். காணாமல் போனவர் பெரும்பாலும் புதிதாக எதிலும் பதிவாவதில்லை. அதனால் அவரைப் பற்றி வருவது அநேகமாகப் பழைய முகவரிதான்.

நம்மவர் பெயர் என்றால் குழப்பம் இன்னும் அதிகம். அங்கே அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். கே.செந்தில்குமார் ஒரு பதிவில் செந்தில்குமார் கந்தசாமி, இன்னொன்றில் கந்தசாமி செந்தில்குமார், வேறொன்றில் வெறும் எஸ்.குமார். ஒருவரே மூன்று பேராகத் தெரிவார். மூன்று பேர் ஒருவராகவும் ஆகிவிடுவார்கள். யாரோ ஒருவர் மேல் இருக்கும் வழக்கு உங்கள் அண்ணன் பெயரில் வந்து நின்றால் வீட்டில் எத்தனை பேர் தூக்கம் போகும், யோசியுங்கள். ட்ரூத்ஃபைண்டர், இன்ஸ்டன்ட் செக்மேட் என்ற இரண்டு தளங்கள், வெறும் டிராஃபிக் அபராதம் இருந்தவர்களுக்குக்கூட குற்றப் பின்னணி இருப்பதுபோல் காட்டிப் பணம் கட்ட வைத்தன என்று அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம்சாட்டியது. 2023-இல் அவை 58 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன.

ஒரே ஒரு பயன் உண்டு. சில அறிக்கைகளில் 'தொடர்புடையவர்கள்' என்று ஒரு பகுதி இருக்கும். அதே முகவரியில் தங்கியிருந்தவர்களின் பெயர்கள்கூட அதில் வரும். பழைய அறைத் தோழர் யாராவது தென்பட்டால் துப்பு கிடைக்கும். ஆனால் அதற்கு முன் இலவசமாகச் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

அண்ணனின் கடைசி முகவரி கையில் இருந்தால், அந்த ஊர் போலீசின் சாதாரண எண்ணுக்கு இங்கிருந்தே பேசி 'வெல்ஃபேர் செக்' கேளுங்கள். நேரில் போய்க் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். 911-க்கு முயல வேண்டாம், அது அங்கே இருப்பவர்களுக்கான அவசர எண். ஆள் அங்கே இல்லையென்றால் காணாமல் போனதாகப் புகார் கொடுங்கள். அப்புறம் காணாமல் போனவர்களுக்காக அமெரிக்க நீதித்துறை வைத்திருக்கும் 'நேம்அஸ்' பதிவேட்டிலும் விவரத்தைச் சேர்க்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. போலீசிடம் சரிபார்த்த பிறகே வெளியிடுவார்கள். ஹூஸ்டனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு எழுதுங்கள், வெளிநாட்டில் உள்ள இந்தியர்களுக்கு உதவி கேட்க நம் வெளியுறவுத் துறை நடத்தும் 'மதத்' (Madad) இணையதளத்திலும் பதியுங்கள். விசா சிக்கலில் பிடிபட்டிருப்பாரோ என்ற பயம் இருந்தால், குடியேற்றத் துறையின் தடுப்புக்காவல் தேடல் பக்கத்தில் பெயரும் பிறந்த நாடும் கொடுத்துப் பார்க்கலாம். பெயரை முன்பின்னாக மாற்றியும் போட்டுப் பாருங்கள்.

அவர் தானாக ஒதுங்கியிருந்தால், நலமாக இருக்கிறார் என்பதை மட்டும் போலீஸ் சொல்லும், அவர் சம்மதிக்காமல் முகவரி தராது. மனது கேட்காதுதான். சரி, அந்த ஒரு செய்திக்காகவாவது இன்றே பேசுங்கள். வீட்டின் பழைய போன் நம்பரைத் துண்டித்துவிடாதீர்கள். அண்ணனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அது ஒன்றாகவே இருக்கலாம்.