டிராகுலா கோட்டைக்கு டிஸ்க் எதற்கு? வாசகர் கேள்வி பதில்

கொனாமி நிறுவனத்தின் வீடியோ கேமிலிருந்து பிறந்த கேஸில்வேனியா என்ற திகில் அனிமேஷன் தொடர் டிஸ்க்கிலும் கிடைக்கிறது என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள்.

நெட்ஃபிளிக்ஸில் நான்கு சீசனும் இருக்கிறது, மாதாமாதம் சந்தாவும் கட்டுகிறேன். அதையே புளூ-ரே டிஸ்க்காகத் தனியாகக் காசு கொடுத்து வாங்குவது வீண்தானே?
– கோவை வாசகர்

வீண் இல்லை. இந்தத் தொடருக்கு நிச்சயமாக இல்லை. முதல் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்களேன். கோட்டைக்கு வெளியே கழுவேற்றிய எலும்புக்கூடுகள் வரிசையாக நிற்க, லிசா என்ற பெண் தனியாக நடந்துவந்து, கையிலிருக்கும் கத்தியின் பிடியால் டிராகுலாவின் கதவைத் தட்டுகிறாள். எதற்கு? மருத்துவம் கற்றுக்கொள்ள! அந்தக் காட்சி முழுக்க இருட்டு. தொடரே பெரும்பாலும் இருட்டுதான். 15ஆம் நூற்றாண்டு வலேக்கியாவில் (இன்றைய ருமேனியாவின் ஒரு பகுதி) தீப்பந்தமும் மெழுகுவத்தியும் விட்டால் வேறு வெளிச்சம் ஏது? இணையத்தில் வரும்போது படத்தை நன்றாகச் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். முழு எச்டி படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் வேக இணைப்பு போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது, ஆனால் புளூ-ரேயில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை இடம் உண்டு. சுருக்கும்போது முதலில் அடிவாங்குவது இருட்டுதான். கருநீலத்திலிருந்து கறுப்புக்கு மெல்ல இறங்க வேண்டிய வானம், படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாகத் தெரியும். டெக்சாஸில் உள்ள பவர்ஹவுஸ் அனிமேஷன் ஸ்டூடியோக்காரர்கள் அந்த நிழல்களுக்குப் பட்ட பாட்டைப் பட்டை இல்லாமல் பார்க்க வேண்டாமா?

அப்புறம் இன்னொன்று. இன்றைக்கு இருப்பது நாளைக்கும் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 2022 ஆகஸ்டில் எச்பிஓ மேக்ஸ் தன் சொந்தத் தொடரான இன்ஃபினிட்டி டிரெயினை இன்னும் பல தொடர்களோடு சேர்த்துத் தூக்கிவிட்டது. 2023 மே மாதம் டிஸ்னி பிளஸ், ஒரே சீசன் வந்திருந்த வில்லோ என்ற தொடரை நீக்கியது. சந்தா கட்டியவர்கள் கேட்க வழியே இல்லை. நெட்ஃபிளிக்ஸ் தொடர்கள் பெரும்பாலும் டிஸ்க்காக வருவதே கிடையாது, இது வந்திருக்கிறது என்பதே பெரிய விஷயம். முதல் சீசன் 2017 ஜூலை 7 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. விஸ் மீடியா நிறுவனம் அதை 2018 டிசம்பரில் அமெரிக்காவில் புளூ-ரேயாக வெளியிட்டது.

முதல் சீசனில் மொத்தமே 4 எபிசோடுதான். அதற்கு ஒரு தனி டிஸ்க்கா? ஏமாற்று வேலை போலத் தெரிகிறதே?
– மதுரை வாசகி

கோபம் புரிகிறது, ஆனால் அந்த நாலுக்கு ஒரு பின்கதை உண்டு. தொடரின் எழுத்தாளர் வாரன் எல்லிஸ் இதை 2007 வாக்கில் எழுதியபோது இது தொடரே கிடையாது, தியேட்டருக்குப் போகாமல் நேராக டிஸ்க்கில் விற்பதற்கான படம். மூன்று படங்கள் என்று திட்டம். அது வருஷக்கணக்கில் கிடப்பில் கிடந்து, கடைசியில் முதல் படத்தின் கதைதான் நாலு எபிசோடாக வந்தது. அதனால் நாலையும் ஒரே மூச்சில் பாருங்கள், ஒரு சினிமாவாகவே ஓடும். தொடரைத் தயாரித்தவர்களில் ஒருவரான ஆதி சங்கர் கொல்கத்தாவில் பிறந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இரண்டாவது சீசனில் 8, மூன்றிலும் நான்கிலும் பத்துப் பத்து, ஆக மொத்தம் 32 எபிசோடு. விலைதான் தடை என்றால் தனித்தனியாக வாங்காமல், சீசன்கள் சேர்ந்த தொகுப்பு எங்கே மலிவாகக் கிடைக்கிறது என்று பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் வாங்கி வருவதாகச் சொல்கிறார். நம் வீட்டு பிளேயரில் ஓடுமா? பிஎஸ்5 கேம் கன்சோல் இருக்கிறது.
– சென்னை வாசகர்

அண்ணன் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். புளூ-ரேக்கு உலகத்தை ஏ, பி, சி என்று மூன்று ரீஜனாக, அதாவது விற்பனைப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா ஏ, இந்தியாவும் இலங்கையும் சி. ஏ மட்டும் போட்ட டிஸ்க்கை நம் ஊரில் வாங்கிய பிளேயரில் போட்டால் எச்சரிக்கை வாசகம்தான் வரும். சிங்கப்பூர், மலேசிய வாசகர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, அவர்களும் ஏ ரீஜன்தான். லண்டனில் இருப்பவர்களுக்கு பி. டிவிடியிலும் இதே கதைதான், அமெரிக்காவுக்கு 1, நமக்கு 5. பிஎஸ்5-இல் வெளிநாட்டு கேம் டிஸ்க் ஓடுகிறதே என்று நம்பிவிடாதீர்கள். கேமுக்கு ரீஜன் பூட்டு இல்லை, படத்துக்கு உண்டு. டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் மாடல் என்றால் பேச்சே இல்லை.

டப்பாவின் பின்பக்கம் சின்ன உருண்டைப் படத்துக்குள் ரீஜன் எழுத்து இருக்கும், அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்று எழுத்தும் இருந்தால் எங்கேயும் ஓடும். ஏ மட்டும்தான் என்றால் எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் தேவை, அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குகளுக்கு ரீஜன் பூட்டே கிடையாது.

பையனுக்கு 11 வயது. கேம் விளையாடுகிறவன், கார்ட்டூன்தானே என்று கேட்கிறான். காட்டலாமா?
– திருச்சி வாசகி

கூடாது. முதல் எபிசோடிலேயே, டிராகுலாவின் மனைவியாகிவிட்ட லிசாவைச் சூனியக்காரி என்று உயிரோடு எரிக்கிறார்கள். அதன் பிறகு டிராகுலா ஒரு வருஷம் கெடு கொடுத்துவிட்டு வந்து ஊரையே அழிக்கும் காட்சிகளைப் பெரியவர்களே முகம் சுளிக்காமல் பார்க்க முடியாது. மூன்றாவது சீசன் இன்னும் மோசம். டிஸ்க் வாங்கினால் அதைப் பையன் கைக்கு எட்டாமல் வையுங்கள். பழைய கேமை வேண்டுமானால் விளையாடட்டும். 2019-இல் வந்த கேஸில்வேனியா ஆனிவர்சரி கலெக்ஷனில் மொத்தம் 8 பழைய கேம்கள் இருக்கின்றன. அதில் மூன்றாவது பாகம்தான் இந்தத் தொடரின் அடிப்படை. தொடரின் நாயகர்களான டிரெவர், சைஃபா, டிராகுலாவின் மகன் அலுகார்ட் மூவரும் அதில் உண்டு. கிராண்ட் என்று நான்காவதாக ஒருவனும் உண்டு, அவனைத் தொடரில் விட்டுவிட்டார்கள். எனக்கு அது இன்னும் வருத்தம்தான்.

ரெசிடென்ட் ஈவில் இன்ஃபினிட் டார்க்னஸும் டிஸ்க்கில் இருக்கிறது. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது. எதை வாங்க?
– யாழ்ப்பாணம் வாசகர்

கேஸில்வேனியா இரண்டாவது சீசன். ரெசிடென்ட் ஈவில் 2021-இல் வந்த 4 எபிசோடு கணினி அனிமேஷன். அதன் நாயகர்கள் லியோனுக்கும் கிளேருக்கும் 2019-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 2 கேமில் குரல் கொடுத்துப் பேசியவர்களே இதிலும் பேசியிருக்கிறார்கள், அது நல்ல விஷயம். ஆனால் கதை ராணுவம், சதி என்று அலைந்துவிட்டு பயத்தை மறந்துவிடுகிறது. ஒருமுறை பார்த்தால் போதும்.

இரண்டாவது சீசனின் ஏழாவது எபிசோடு அப்படி இல்லை. டிரெவர், சைஃபா, அலுகார்ட் மூவரும் டிராகுலாவின் கோட்டைக்குள் நுழையும்போது, 1987-இல் வந்த இரண்டாம் பாக கேமின் பிளடி டியர்ஸ் என்ற இசை எழும்பும், அந்த கேமை விளையாடியவர்கள் அங்கேயே எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதன் பிறகு அப்பனுக்கும் மகனுக்கும் நடக்கும் சண்டை, சுவர்களை உடைத்துக்கொண்டு போய் ஒரு சின்னப் பையனின் அறையில், பழைய பொம்மைகளுக்கு நடுவில் நிற்கும். மீதியைச் சொல்லமாட்டேன். அந்த எபிசோடை மட்டும் விளக்கை அணைத்துவிட்டு, டிவி ஸ்பீக்கரை நம்பாமல், நல்ல ஹெட்போனோ ஸ்பீக்கரோ வைத்துப் பாருங்கள்.