இது டேட்டிங்கா, சும்மா காபியா? கேளுங்க, சொல்றேன்

சென்னைல கல்யாணத்துக்கு முந்தின கவுன்சிலிங் பண்றேன், பல வருஷமா. என்கிட்ட வர்ற மனக்கஷ்டத்துல நிறைய இங்கதான் ஆரம்பிக்குது, ஒருத்தர் டேட்னு நெனச்சு போயிருப்பாங்க, இன்னொருத்தர் சும்மா காபின்னு. கேளுங்க.

கே: அக்கா, மேட்ரிமோனில ஜாதகம் பொருந்தின பையனை அண்ணா நகர்ல ஒரு காபி ஷாப்ல பாத்தேன், நல்லா பேசினோம். வீட்டுக்கு வந்தா அம்மா மண்டபம் விசாரிக்கறாங்க. நாங்க போனது டேட்டா, பொண்ணு பாக்கறதா?

ப: இப்ப பெரிய குழப்பமே இதுதான்மா. முன்னாடி பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட வந்தாங்கன்னா எதுக்குன்னு தெருவுக்கே தெரியும், "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்"னு கிளம்பினா அதுக்கும் அர்த்தம் தெரியும். இப்ப ப்ரொஃபைல் போடறது அப்பா, நம்பர் வாங்கறது அம்மா, வாட்ஸ்அப்ல பேசறது நீங்க, அதனால ஒரே காபி ஆளுக்கு ஒண்ணா தெரியுது. உங்களுக்கு அது ஆளைத் தெரிஞ்சுக்கற சந்திப்பு, அம்மாவுக்கு பாதி சம்மதம், பையனை அவங்க வீட்டுல என்ன சொல்லி அனுப்பினாங்களோ. "இன்னும் சில தடவை பாத்துட்டுதான் பதில் சொல்வேன்"னு இன்னைக்கே அம்மாகிட்ட சொல்லுங்க, அதே வார்த்தைய பையன்கிட்டயும் போன்ல சொல்லுங்க. மண்டபத்துக்கு அட்வான்ஸ் போயிட்டா அப்புறம் பேச்சு பணத்தைப் பத்திதான் இருக்கும், உங்க மனசைப் பத்தி இருக்காது.

கே: ஆபீஸ்ல ஒரு பொண்ணு தினமும் டீக்கு கூப்பிடுது. டேட்டா?

ப: டீ தம்பி.

கே: சிம்பிள் ரூல் இருக்கே, பையன் பில் குடுத்தா டேட், பிரிச்சா ஃப்ரெண்ட்ஸ்.

ப: இல்லைங்க. யூபிஐ 2016ல வந்துச்சு, அதுக்கப்புறம் கல்யாணம் ஆனவங்களே பிரிச்சுக்கறாங்க.

கே: நான் ஒத்துக்க மாட்டேன் அக்கா. பெசன்ட் நகர்ல சாப்பிட்டு, பீச்ல நடந்து, என் ஸ்கூட்டி வரைக்கும் வந்து விட்டுட்டுப் போனாரு, நான் வீடு சேர்றதுக்குள்ள ஜிபேல 240 ரூபா அனுப்பச் சொல்லி மெசேஜ், கீழ "தோசை + ஜூஸ்"னு நோட் வேற. இதுக்கு மேல என்ன தெளிவு வேணும்?

கே (வேற ஒரு தம்பி): அது நேர்மைங்க! நானே முழுசா குடுத்தா "எதிர்பார்ப்போட குடுக்கறான்"னு சொல்றீங்க, பிரிச்சா "விருப்பமில்ல"ன்னு சொல்றீங்க, நாங்க என்னதான் பண்றது?

ப: ரெண்டு பேரும் நில்லுங்க. பணத்தை வெச்சு மனசைக் கணக்குப் போடாதீங்க. அந்த மெசேஜ் வலிச்சதுல தப்பே இல்லம்மா, ஆனா வலிச்சது 240 ரூபாவுக்காக இல்ல, அந்த சாயங்காலம் உங்களுக்கு என்னவா இருந்துச்சுன்னு அவருக்குத் தெரியலையேன்னுதான். தம்பி, நீங்க கூப்பிடும்போதே "உன்னைப் பிடிச்சிருக்கு, டேட்டுக்கு வர்றியா"ன்னு கேட்டுட்டா யாரு குடுத்தாலும் பிரச்சினை இல்ல. இல்லன்னு சொன்னா அது உங்களுக்கான பதில், அதோட விட்டுடணும், திரும்பத் திரும்ப கேக்கக்கூடாது. வாயால கேளுங்க.

கே: ஆப்ல மேட்ச் ஆன பொண்ணு, இந்த பப்தான் வேணும்னு அடம் பிடிக்குது.

ப: போகாதீங்க. டெல்லி, மும்பை, ஹைதராபாத்ல நடந்த மோசடி இதே மாதிரிதான், அவங்க சொல்ற கடை, மெனுல விலை இருக்காது, பில் பல ஆயிரம், நடுவுல பொண்ணு எழுந்து போயிடும். முதல் சந்திப்பு நீங்களும் ஒத்துக்கிட்ட பொது இடத்துல, ஒரு ஃப்ரெண்டுக்கு லொகேஷன் அனுப்பிட்டு. ஆன்லைன்ல ஏற்கனவே பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க.

கே: நாங்க பீச்ல உக்காந்திருந்தா போலீஸ் வீட்டு நம்பர் கேக்கறாங்க.

ப: 18 வயசு தாண்டினவங்க பொது இடத்துல உக்காந்து பேசறது குத்தம் இல்ல. மிச்சத்தை வக்கீல்கிட்ட கேளுங்க, அது என் வேலை இல்ல.

கே: ஹார்ட் எமோஜி போட்டா டேட்டா?

ப: மேல சொல்லிட்டேன். வாயால கேளுங்க.

கே: கேங்கோட படம்னு சொன்னான், போனா நாங்க ரெண்டு பேர் மட்டும். டேட்டா?

ப: இல்லம்மா. உங்களுக்குத் தெரியாம உங்களை டேட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது. மத்தவங்க நிஜமாவே வர முடியாமப் போச்சா, இல்ல கூப்பிடவே இல்லையான்னு அவன்கிட்டயே கேளுங்க. கூப்பிடவே இல்லன்னா அடுத்த படத்துக்குப் போகாதீங்க.