மைன்கிராஃப்டில் என் கோதுமைப் பாத்தி மட்டும் ஏன் மெதுவாக விளைகிறது?

நீங்கள் செங்கோட்டையிலிருந்தும் நண்பர் ஆரியங்காவிலிருந்தும் ஒரே சர்வரில் ஆடுகிறீர்கள். இருவருக்கும் 9×9 பாத்தி, நடுவில் ஒரு கட்டம் தண்ணீர். அவர் ஒரு வரிசை கோதுமை, ஒரு வரிசை கேரட் என்று போட்டிருக்கிறார். உங்களுக்கு 80 கட்டமும் கோதுமை. வித்தியாசம் அங்கேதான். புளியரை வயலில் நெல்லை அடைத்து நடுகிற மாதிரி இங்கே நட்டால் வேகம் பாதியாகிவிடும்.

கணினியில் ஆடும் ஜாவா பதிப்பின் கணக்கு இது. 16×16×16 கட்டமுள்ள ஒவ்வொரு பகுதியிலும் ஒரு டிக்குக்கு (கேமின் நேர அலகு) 3 கட்டங்களைக் கேம் குலுக்கி எடுக்கிறது. நொடிக்கு 20 டிக். ஆக, ஒரு செடிக்குச் சராசரியாக 68 நொடிக்கு ஒருமுறைதான் சீட்டு விழும். விழுந்தாலும் வளர்ந்தே தீரும் என்றில்லை, அது செடியின் புள்ளியைப் பொறுத்தது. அடிப்படை 1, செடிக்கு அடியில் இருக்கும் ஈர மண்ணுக்கு 3, சுற்றியுள்ள 8 ஈரக் கட்டங்களுக்குத் தலா 0.75: மொத்தம் 10 புள்ளி. 25ஐ அதால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு, 1 கூட்டினால் 3. அதாவது மூன்றில் ஒரு வாய்ப்பு. அதே பயிர் மூலைவாட்டில் இருந்தாலோ, நெடுக்கிலும் குறுக்கிலும் ஒட்டி நின்றாலோ புள்ளி 5 ஆகிவிடும். வாய்ப்பு ஆறில் ஒன்று. கோதுமை முற்ற 7 படி ஏற வேண்டும். வரிசை மாற்றி நட்டால் சுமார் 24 நிமிடம், அடைத்து நட்டால் 48.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று: வரிசை மாற்றினால் கோதுமை 44 செடிதான் மிஞ்சும். வேகம் இரட்டிப்பானாலும் மணிக்குக் கிடைக்கும் கோதுமை ஏறத்தாழ அதேதான். லாபம், அதே பாத்தியில் சும்மா வரும் 36 கேரட் செடி. கோதுமை மட்டும் போதும் என்றால் மாற்றவே தேவையில்லை; மாற்றினால் விதை கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான்.

ஓரத்துச் செடிகளுக்குப் பக்கத்துக் கட்டம் 5தான் என்பதால் வாய்ப்பு நான்கில் ஒன்றாகக் குறையும். தண்ணீரை ஒட்டியவற்றுக்கு நஷ்டமில்லை, 9.25 புள்ளிக்கும் விடை 3தான். துணைப் பயிராக பீட்ரூட் வேண்டாம், அதற்குத் தனியாக ஒரு தடை வைத்திருக்கிறார்கள். சீட்டு விழும்போதே மூன்றில் ஒரு பங்கு வீணாகும்.

கேரட் அசையவே இல்லை என்று பதறாதீர்கள். 8 நிலைக்கு 4 தோற்றம்தான். எஃப்3 அழுத்தி, குறியைச் செடிமேல் வைத்தால் வலப்பக்கம் வயது தெரியும். 7 என்றால் அறுக்கலாம். மண்மேல் வைத்தால் ஈரமும் 7 காட்ட வேண்டும். 0 என்றால் தண்ணீர் 4 கட்டத்துக்கு அப்பால் இருக்கிறது.

படுத்து இரவைத் தாண்டினால் சூரியன்தான் நகரும், பயிர் நகராது. நெதர் என்ற வேறு உலகத்துக்கோ தூரத்துச் சுரங்கத்துக்கோ போய்விட்டு, பாத்தி அருகே வேறு யாரும் இல்லையென்றாலும் அப்படியே நிற்கும். கூரை போட்ட பாத்தி என்றால் ஒளி 9க்குக் குறையாமல் பந்தம் வையுங்கள்.