பஞ்சாங்கம் பார்த்துப் பூநாரை பார்க்கலாம்

கேள்வி: என் அலுவலகத் தோழி ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை 8 மணிக்கு மும்பையின் சிவ்ரி படகுத்துறையில் நின்று, கூப்பிடு தூரத்தில் பூநாரைக் (ஃபிளமிங்கோ) கூட்டத்தைப் பார்த்ததாகச் சொன்னார். அடுத்த ஞாயிறு அதே நேரத்துக்கு நாங்கள் ஐந்து தோழிகள் புளியோதரையும் பைனாகுலருமாகப் போய் நின்றோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு, அதற்கப்பால் அழித்த கோடு போல மங்கலான இளஞ்சிவப்பு. அன்று பிரதமை, பயணம் வேண்டாம் என்று மாமியார் தடுத்தது இப்போது வீட்டில் பேச்சாகிவிட்டது. பறவைகள் இடம் மாறிவிட்டனவா?
– ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: நீங்கள் கண்ட அந்த இளஞ்சிவப்புக் கோடுதான் உங்கள் தோழி பார்த்த கூட்டம். மராத்தியில் பர்தி, ஓஹோட்டி என்று சொல்லப்படும் கடலின் ஏற்றமும் வற்றமும் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், ஒரு வாரத்தில் அது கிட்டத்தட்ட 6 மணி நேரமாகி, போன ஞாயிறு நீர் நிறைந்திருந்த நேரத்தில் இந்த ஞாயிறு வெறும் சேறு கிடக்கும். பூநாரைக்கு அந்தச் சேறுதான் சாப்பாட்டுத் தட்டு. முழு ஏற்றத்தில் தட்டு மூழ்கிவிடுவதால் அவை வேறிடம் போய்விடும். முழு வற்றத்தில் நீரின் விளிம்பைத் தொடர்ந்து வெகுதூரம் சென்றுவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் கரையோரம் இருக்கும்.

இதில் உங்கள் மாமியாரின் நாட்காட்டி உதவும், அவர் நினைத்த காரணத்துக்காக அல்ல என்றாலும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நண்பகல் வாக்கில் கடல் ஏறி நிற்கும்; ஆகவே பிரதமையன்று காலை 8 மணிக்கு நீர் இன்னும் தொலைவில்தான் இருந்திருக்கும். தோழி போனது அஷ்டமியை ஒட்டிய நாள், அதாவது விடியற்காலையில் ஏறிய நீர் வடியத் தொடங்கிய வேளை. நானும் முதல் தடவை ஞாயிறு, விடுமுறை என்று மட்டும் பார்த்துப் போய்ச் சேற்று நாற்றத்தோடு திரும்பியவன்தான்.

என்னைக் கேட்டால் சதுர்த்தி, பஞ்சமி நாட்களில் பிற்பகலில் போங்கள். ஏற்றம் 3 மணி வாக்கில் முடிந்து, 4.30க்குச் சேறு தலைகாட்டும்போது பறவைகள் வந்து இறங்கும். சிவ்ரித் துறை கிழக்கு நோக்கியது என்பதால் காலையில் வெயில் முகத்தில் அடித்துப் பறவைகள் கறுத்துத் தெரியும், மாலையில் வெளிச்சம் நம் முதுகுப்புறமிருந்து விழும். திதி ஒரு உத்தேசக் கணக்குதான் என்பதால் புறப்படுமுன் அன்றைய ஓத (கடல் ஏற்ற, வற்ற) அட்டவணையையும் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் பைனாகுலர் இருப்பதால், பூநாரை அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாக்கால் நீரை உறிஞ்சி வெளியேற்றி இரையை வடிகட்டுவதை நிதானமாகப் பாருங்கள். பக்கத்தில் உள்ளான்கள் என்னும் சிறு கரைப்பறவைகள் ஓடுவதையும் விட்டுவிடாதீர்கள். புளியோதரை மிச்சத்தை மட்டும் அங்கே கொட்டாதீர்கள், காகங்கள் கூடிவிடும்.

கேள்வி: சிவ்ரியில் பூநாரைக் கூட்டத்தில் பல பறவைகள் வெளுத்தும் சாம்பல் பூத்தும் இருக்கின்றனவே, கழிமுகத்தின் மாசு காரணமா?
– ஒரு வாசகர், முலுண்ட், மும்பை

பதில்: சாம்பல் நிறத்தவை இளம் பறவைகள். பூநாரை பிறக்கும்போது சிவப்பாக இருப்பதில்லை. நீர்ப்பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறமி உடலில் சேர்ந்து இறகு சிவக்கச் சில ஆண்டுகள் ஆகும். வெளுத்து உயரமாக நிற்பவை பெரும் பூநாரைகளாக இருக்கலாம். அலகைப் பார்த்தால் தெரிந்துவிடும்: இளஞ்சிவப்பு அலகில் நுனி மட்டும் கறுப்பென்றால் பெரும் பூநாரை, அலகு முழுவதும் கருஞ்சிவப்பென்றால் சிறு பூநாரை. சிவ்ரி அமைந்துள்ள தாணே (Thane) கழிமுகத்தில் சிறு பூநாரைதான் மிகுதி.